கொடுத்த நாற்காலியும் பெற்ற நாற்காலியும்: நகர்மன்றங்களில் நம்மவர் கடந்து வந்த பாதை

நமது கல்விச் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளிவிழாக் கொண்டாடும் இவ்வேளையில், விழா மலரில் நகராட்சியைப் பற்றிய கட்டுரை ஒன்று இடம்பெறுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். கல்விச் சங்கத்துக்கும் நகராட்சி அலுவலகத்துக்கும் என்ன தொடர்பு என இளைஞர்கள் வினவலாம். தொடர்பு உண்டு. நாம் பிறந்த நாளைப் பதிவு செய்வது நகராட்சி. நம் தெருவுக்குக் குழாய்நீர் விடுவதும், சாக்கடை வெட்டுவதும், விளக்குப் போடுவதும், நம் பிள்ளைகள் பலர் படிக்கும் பள்ளிக் கட்டடத்தைப் பராமரிப்பதும் நகராட்சி. இறுதியில் நம் உடலைச் சுமந்து செல்லும் சுடுகாட்டுப் பாதையைச் செப்பனிட வேண்டியதும் அதே நகராட்சிதான். தில்லியிலும் சென்னையிலும் ஆள்வோர் யார் என்பதை நாளேடுகள் நமக்குச் சொல்லிவிடுகின்றன. நம் ஊர் நகர்மன்றத்தில் என்ன தீர்மானம் நிறைவேறிற்று என்பதை நாமே கேட்டறிந்தாலன்றி வேறெவரும் சொல்வதில்லை.

அம்மன்றத்தினுள் நம்மவர் எவ்வாறு நுழைந்தனர், யார் தயவால் அமர்ந்தனர், அமர்ந்தபின் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டனர் என்பது ஒரு தனி வரலாறு. அதனைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டு

உள்ளாட்சி என்றதும் நம் பாடநூல்கள் உத்திரமேரூரைத்தான் முதலில் காட்டும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் அவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்து வாரிய உறுப்பினரைத் தேர்ந்தனர். குடவோலை முறை எனப்படும் இதனை வகுப்பில் பெருமையுடன் கற்பிக்கிறோம், பெருமைக்குரியதுதான்.

அக்கல்வெட்டில் ஒரு விதி நம் சிந்தனைக்குரியது. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் தேர்வுக்கு நிற்கலாகாது. அவனுடைய நெருங்கிய உறவினரும் நிற்கலாகாது. பொதுப்பணம் கையாண்டவன் கணக்கைப் பொதுவில் வைக்க வேண்டும் என்னும் அறம் இம்மண்ணில் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதப்பட்டிருந்தது.

அதே கல்வெட்டில் வேறு விதிகளும் உண்டு. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருத்தல் வேண்டும். வேதக் கல்வி வேண்டும். வயது 35-க்கும் 70-க்கும் இடைப்பட்டிருத்தல் வேண்டும். அது அந்தணர் குடியிருப்பின் சபை. நிலத்தை உழுதவனுக்கும், ஏரியைக் காத்தவனுக்கும், செத்த மாட்டை அப்புறப்படுத்தியவனுக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. கணக்குக் கேட்கும் முறை சிறந்ததாக இருந்தும், கேட்கும் உரிமை ஒரு சிலருக்கே உரியதாயிற்று. கணக்கு திறந்திருத்தல் வேண்டும்; அதைப் பார்க்கும் உரிமையும் அனைவர்க்கும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் உள்ளாட்சி முழுமை பெறாது. பின்வந்த வரலாறு முழுவதையும் இந்த அளவுகோலைக் கொண்டே நாம் அளந்து பார்க்கலாம்.

ரிப்பன் பிரபு காலம்

ஆங்கிலேயர் ஆட்சியில் 1865-ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்தைத் தொடர்ந்து, சேலம், கோவை, மதுரை, திருச்சிராப்பள்ளி, குடந்தை முதலிய ஊர்கள் 1866-இல் நகராட்சிகளாயின. தொடக்கத்தில் உறுப்பினர்கள் அரசால் அமர்த்தப்பட்டவர்களே. அதிகாரிகளும், அவர்களுக்கு வேண்டிய செல்வரும், வழக்கறிஞரும் கூடி அமர்ந்த அவையாக அவை விளங்கின.

1882-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள் ரிப்பன் பிரபுவின் தீர்மானம் வெளியாயிற்று. உள்ளாட்சி மன்றங்களில் அதிகாரிகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது. இயன்றவரை தேர்தல் வழியே உறுப்பினர் வரவேண்டும். தலைவரும் அதிகாரியல்லாதவராக இருத்தல் நன்று என்பன அதன் சாரம். உள்ளாட்சியின் தந்தை என ரிப்பன் போற்றப்படுவது இதனாலேயே. சென்னை மாகாணத்தில் 1884-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் இவ்வழியில் இயற்றப்பட்டது.

ஆயினும் வாக்களிக்கும் உரிமை வரி கட்டுவோர்க்கே இருந்தது. சொந்த வீடற்றவன் எந்த வரி கட்டுவான்? புறம்போக்கில் குடிசை போட்டு வாழ்ந்த நம் முன்னோர்க்கு அந்தத் தேர்தல் அயலூர்த் திருவிழாவாகவே இருந்தது. தெருவைக் கூட்டியவர்கள் நம்மவர். மலம் சுமந்தவர்கள் நம்மவர். அந்நகராட்சியின் அன்றாட வாழ்வே நம்மவர் உழைப்பால் நடந்தது. மன்றத்தின் உள்ளே நம் குரல் மட்டும் இல்லை.

நியமன உறுப்பினர்

1920-ஆம் ஆண்டு சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் வந்தது. பெரும்பாலான இடங்கள் தேர்தலுக்கும், எஞ்சியவை அரசின் நியமனத்துக்கும் உரியவையாயின. தேர்தலில் வெல்ல வழியற்ற வகுப்பாருக்கு நியமனமே வாயிலாக இருந்தது. அவ்வாயில் வழியேதான் ஆதிதிராவிடர் முதன்முதலாக நகர்மன்றக் கூடங்களில் கால்வைத்தனர். அது சிறு செய்தியன்று. வீதியில் நடக்கவும் தடையிருந்த காலத்தில், நம்மவர் ஒருவர் மன்ற நாற்காலியில் அமர்ந்தார் என்பதே பலருக்கு அதிர்ச்சியாக இருந்திருக்கும். அந்த வாயிலைத் திறந்து வைத்தவர்களுக்கு நாம் நன்றி பாராட்டத்தான் வேண்டும்.

எனினும் நியமனத்துக்கு மற்றொரு முகம் உண்டு. 1920 டிசம்பரில் பொறுப்பேற்ற நீதிக்கட்சி அமைச்சரவையில் ஸ்தல ஸ்தாபனத் துறை பனகல் அரசரிடம் இருந்தது. நகராட்சிகளிலும் மாவட்ட, தாலுக்கா போர்டுகளிலும் நியமன இடங்களை நிரப்பும் அதிகாரம் அத்துறைக்குரியது. அதனைத் தம் ஆதரவாளரைச் சேர்க்கவும், மாற்றாரை ஒதுக்கவும் ஆட்சியாளர் பயன்படுத்தினர் என்பதை அக்காலத்தை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள் விரிவாக எழுதியுள்ளனர். இது ஒரு கட்சிக்கு மட்டும் உரிய குறையன்று. நாற்காலியைக் கொடுக்கும் கை எந்தக் கட்சியுடையதாயினும், அந்தக் கை நன்றியை எதிர்பார்க்கும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பழமொழி. நியமன உறுப்பினர் அப்பழமொழிக்குக் கட்டுப்பட்டவரானார். அவரை அமர்த்தியது மாவட்ட அதிகாரியின் பரிந்துரையும் அமைச்சரின் கையெழுத்தும். மீண்டும் அமர்த்த வேண்டியவரும் அவர்களே. சேரி மக்கள் அவரை அனுப்பவுமில்லை. திரும்ப அழைக்கவும் அவர்களால் இயலாது. ஆகவே சேரிக்குக் குழாய் வேண்டும் என அவர் எழுந்து கேட்டால், ‘இவர் தொல்லை தருபவர்’ என்ற பெயர் வந்துவிடும். கேளாமல் இருந்தால் மறுமுறையும் நாற்காலி கிடைக்கும். இத்தகைய நெருக்கடியில் ஒரு மனிதர் வாய்மூடி இருந்தால் அவரை மட்டும் பழிப்பது நியாயமாகாது. பழி அந்த அமைப்பையே சாரும்.

நியமனத்தால் வந்தும் நிமிர்ந்து நின்றவர்களும் உண்டு. இரட்டைமலை சீனிவாசனார் 1923-இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டவரே. அண்ணல் அம்பேத்கரும் 1926-இல் பம்பாய்ச் சட்டமன்றத்துக்கு நியமன உறுப்பினராகவே சென்றார். அவர்கள் அந்த இடத்தைத் தமக்குக் கிடைத்த சலுகையாகக் கருதாமல், மக்களுக்காகப் பேசக் கிடைத்த மேடையாகக் கொண்டனர். நியமனத்தின் குறையை நன்கறிந்த அம்பேத்கர், 1928-இல் சைமன் ஆணையத்துக்கு அளித்த அறிக்கையில், வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமையுடன் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் வேண்டும் என்று கோரினார்.

தீர்மானம் நிறைவேறிற்று, தெரு திறக்கவில்லை

1924-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் சென்னைச் சட்டமன்றத்தில் சீனிவாசனார் கொண்டுவந்த தீர்மானம் நம் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்கது. எந்த வகுப்பினராயினும் பொதுச் சாலை, தெரு, பாதை ஆகியவற்றில் நடக்கவும், பொதுக் கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை அணுகவும் தடையில்லை என்பது அதன் கருத்து. அரசு அதனை ஏற்று அவ்வாண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் ஆணை வெளியிட்டது.

அந்த ஆணையை நடைமுறைப்படுத்த வேண்டியவை எவை? சாலையும் குளமும் எவற்றின் பொறுப்பில் இருந்தனவோ, அந்த நகராட்சிகளும் போர்டுகளுந்தாம். சாமி வரங்கொடுத்தாலும் பூசாரி இடங்கொடுக்க மாட்டான் என்பது போல, சென்னையில் கிடைத்த உரிமை சிற்றூர்க் குளக்கரையில் நின்றுவிட்டது. ஆணையைப் படித்துக் காட்ட ஒருவரில்லாத சேரிக்கு அது வெறுந்தாளாகவே இருந்தது. படித்தறிந்தவன் ஒருவன் இருந்த சேரியிலோ, அதைக் கையில் ஏந்திக் கேள்வி கேட்க முடிந்தது. கல்விக்கும் உள்ளாட்சிக்கும் உள்ள உறவு இங்கே தெளிவாகிறது.

இதே கதை பம்பாய் மாகாணத்திலும் நடந்தது. அங்கே அது ஒரு சிறு நகராட்சியின் பெயரை வரலாற்றில் நிலைநிறுத்திவிட்டது. 1923 ஆகஸ்டில் எஸ். கே. போலே என்பார் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பொது நீர்நிலைகளைத் தாழ்த்தப்பட்டோருக்குத் திறந்துவிடும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். கொலாபா மாவட்டத்து மகாத் நகராட்சி அதனை ஏற்று, சவதார் குளத்தை அனைவர்க்கும் திறந்துவிடுவதாக 1924-இல் தீர்மானம் இயற்றியது. மூன்றாண்டுகள் அத்தீர்மானம் நடவடிக்கைக் குறிப்பேட்டில் உறங்கிற்று. ஒருவரும் குளத்தில் இறங்கத் துணியவில்லை.

1927 மார்ச்சு 20-ஆம் நாள் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களுடன் அக்குளத்துக்குச் சென்று நீர் பருகினார். அவர் புதிய உரிமை எதனையும் கேட்கவில்லை. நகராட்சி தானே எழுதி வைத்திருந்த தீர்மானத்தை நடத்திக் காட்டினார், அவ்வளவே. அதன்பின் நடந்ததுதான் வேடிக்கை. 1927 ஆகஸ்டு 4-ஆம் நாள் மகாத் நகராட்சி கூடித் தன் பழைய தீர்மானத்தையே நீக்கிக்கொண்டது. வழக்கு நீதிமன்றம் சென்று, 1937-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் அம்பேத்கர் தரப்பு வென்றது.

நகர்மன்றத் தீர்மானம் என்பது எழுதிய அன்றே நடந்துவிடுவதில்லை. எழுதிய கையாலேயே அடிக்கவும் படலாம். அது எழுதப்பட்டதை நாம் அறிந்திருந்தால்தான் அடிக்கப்படும்போது கேட்க முடியும். மகாத் நகராட்சியின் குறிப்பேட்டை ஒருவரும் படிக்காதிருந்தால், 1924-ஆம் ஆண்டுத் தீர்மானத்தோடு அச்செய்தி முடிந்திருக்கும்.

எட்டாவது விதியும் ஒன்பதாவது விதியும்

சென்னை மாகாணத்தில் 1930-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம் திருத்தப்பட்டது. நியமன முறை நீங்கிற்று. தாழ்த்தப்பட்டோர், சிறுபான்மையோர், பெண்டிர் ஆகியோருக்கு இடங்கள் ஒதுக்கப்பட்டன. கொடுத்த நாற்காலி போய், பெற்ற நாற்காலி வந்த ஆண்டு அது எனலாம். வாக்குரிமை இன்னும் வரி கட்டுவோர் அளவிலேயே நின்றமையால் அப்பேறு முழுமையடையவில்லை என்பதும் உண்மை.

1932 செப்டம்பர் 24-ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சட்டமன்ற இடங்களைப் பற்றியே அதனைப் பலரும் பேசுவர். அதன் இறுதி விதிகள் இரண்டை நம் இளைஞர்கள் தேடிப் படிக்க வேண்டுகிறோம். உள்ளாட்சித் தேர்தல்களிலும் அரசுப் பணி நியமனங்களிலும் தாழ்த்தப்பட்டவர் என்னும் காரணத்தால் எவருக்கும் தடை கூடாது. உரிய இடம் கிடைக்க எல்லா முயற்சியும் செய்தல் வேண்டும் என்கிறது எட்டாவது விதி. ஒவ்வொரு மாகாணத்திலும் கல்விக்கென ஒதுக்கும் பணத்தில் தாழ்த்தப்பட்டோர் கல்விக்குப் போதிய தொகையைத் தனியே ஒதுக்க வேண்டும் என்கிறது ஒன்பதாவது விதி. நகராட்சியும் கல்வியும் அடுத்தடுத்த வரிகளில் அமைந்திருப்பதைத் தற்செயல் என்று நாம் கருதவில்லை. அதில் கையொப்பமிட்ட நம் தலைவர்கள், படிப்பில்லாத பதவியும் பதவியில்லாத படிப்பும் தனித்து நில்லா என்பதை வாழ்க்கையிலேயே கண்டவர்கள்.

அக்காலத்தில் சென்னை மாநகராட்சியில் ஜெ. சிவசண்முகம் பிள்ளை 1937-இலும், என். சிவராஜ் 1945-இலும் மேயர் பொறுப்பேற்றனர். இருவரும் கற்றறிந்த சான்றோர். சிவசண்முகம் பிள்ளை பின்னர்ச் சட்டமன்றத் தலைவராகவும் விளங்கினார்.

மன்றமில்லாத ஆண்டுகள்

நாடு விடுதலை பெற்றபின் வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வந்தது. இனி உள்ளாட்சி மலரும் என்று நம்பியிருந்தோம். அந்த நம்பிக்கை வேறொரு வகையில் தடைப்பட்டது. தேர்தலே நடவாத ஆண்டுகள் வந்தன.

சென்னை மாநகராட்சியில் மஸ்டர் ரோல் ஊழல் எனப்படும் செய்தி 1973-இல் வெளிப்பட்டது. வேலைக்கே வராத, இல்லாத தொழிலாளர் பெயரில் கூலி எழுதப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அவ்வாண்டு மன்றம் கலைக்கப்பட்டது. தனி அலுவலர் ஆட்சி வந்தது. மீண்டும் தேர்தல் நடந்தது 1996-இல். கணக்கேட்டை மூடி வைத்ததற்கான தண்டனையை 23 ஆண்டுகள் அனுபவித்தவர்கள் யார்? வாக்குரிமையை இழந்து நின்ற பொதுமக்களே.

ஏனைய நகராட்சிகளிலும் நீண்ட இடைவெளிக்குப் பின் 1986-இல் தேர்தல் நடந்தது, அடுத்தது 1996-இல். இடையில் தனி அலுவலர்கள் ஆண்டனர். அவர்களுள் நேர்மையாளர் பலர் உண்டு. ஆனால் அவர்கள் நம் தெருவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அல்லர். மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். நியமன உறுப்பினர் என்ற பழைய முறை, ஒரு மன்றத்துக்கே நியமன அதிகாரி என்ற புதிய உருவில் வந்தமர்ந்தது எனில் மிகையாகாது.

இக்குறையைக் களையவே 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வந்து, 1993 சூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நகராட்சித் தேர்தல். காலம் முடியுமுன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும். மன்றம் கலைக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் தேர்தல். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு மக்கள்தொகைக்கேற்ற இடங்கள். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. தேர்தலை நடத்த மாநிலத் தேர்தல் ஆணையம். தமிழ்நாட்டில் பெண்களுக்கான பங்கு 2016-இல் பாதியாக உயர்த்தப்பட்டது. நகராட்சி நிருவாகத்தில் தனியறிவு உடையோரை நியமிக்கலாம் என அத்திருத்தம் இடந்தருகிறது. ஆனால் அவர்களுக்கு மன்றக் கூட்டத்தில் வாக்குரிமை இல்லை என்றும் வரையறுத்தது. நியமனத்தின் பழைய வரலாறு கற்பித்த எச்சரிக்கை அது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், 2016 அக்டோபரில் காலம் முடிந்த நகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19-ஆம் நாள்தான் தேர்தல் நடந்தது. 2016-ஆம் ஆண்டுத் தேர்தல் அறிவிப்பை உயர்நீதிமன்றம் நீக்கியதும், அடுத்தடுத்த வழக்குகளும், வார்டு வரையறைப் பணிகளும் காரணமாகச் சொல்லப்பட்டன. காரணம் எதுவாயினும், ஐந்தாண்டுக்கு மேல் நம் தெருக்களுக்கு உறுப்பினர் இல்லை.

தலைவரைத் தேர்வதிலும் முறை மாறி மாறி வந்துள்ளது. 1996, 2001, 2011 ஆகிய ஆண்டுகளில் நகராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தனர். 2006-இலும் 2022-இலும் உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தனர். மறைமுகத் தேர்தலில் தலைவரை உண்மையில் முடிவு செய்வது கட்சித் தலைமை என்பது ஊரறிந்த செய்தி. தனித்தொகுதியில் வென்று தலைவராகும் நம் சகோதரி, தம்மைத் தெரிவு செய்த மேலிடத்துக்கு நன்றி காட்டுவாரா, தமக்கு வாக்களித்த வார்டு மக்களுக்குக் கணக்குக் காட்டுவாரா? 1920-ஆம் ஆண்டுகளின் பழைய கேள்வியே புதிய ஆடையில் வந்து நிற்கிறது. எந்த முறையாயினும், கூட்டத்தில் நடந்தது வெளியே தெரிந்தால் அவருக்கும் அது துணை. மேலிடத்துக்கு ‘மக்கள் பார்க்கிறார்கள்’ என்று சொல்ல அவருக்கு ஒரு பிடி கிடைக்கும்.

2025-ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டமன்றம், உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் சட்டத்திருத்தங்களை நிறைவேற்றியது. வாசலிலேயே நிறுத்தப்பட்ட ஒரு பிரிவினருக்கு இடந்தருவது வரவேற்கத்தக்கதே. நாமும் ஒருகாலத்தில் அவ்வாயில் வழியே வந்தவர்கள். ஆதலால் நம் அனுபவத்தை அவர்களுக்குச் சொல்லும் கடமை நமக்குண்டு: அமர்த்தியவரை மறக்க வேண்டா, யாருக்காக அமர்த்தப்பட்டோம் என்பதை அதனினும் மறக்க வேண்டா.

துடைப்பமும் பேனாவும்

நியமனம் என்பது மன்ற நாற்காலியோடு முடிவதன்று. நகராட்சி வேலைக்கு ஆள் எடுப்பதும் நியமனமே. அதன் வரலாற்றைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை குறையுடையதாகும். எழுத்தர் வேலைக்கும், வரித்தண்டலர் வேலைக்கும், மேற்பார்வையாளர் வேலைக்கும் கடிதமும் சிபாரிசும் தேவைப்பட்ட காலத்தில், எவர் சிபாரிசும் இன்றி நம்மவர்க்குக் கிடைத்த வேலை துடைப்பமும் மலவாளியும்தான். தந்தைக்குப் பின் மகன், மாமியாருக்குப் பின் மருமகள் என்று அது வழிவழியாக வந்தது. கையால் மலமள்ளும் தொழிலைத் தடை செய்யும் சட்டம் 1993-இலும், மேலும் வலுவாக 2013-இலும் இயற்றப்பட்டது.

இன்று துப்புரவுப் பணி பல நகரங்களில் ஒப்பந்தக்காரரிடம் விடப்பட்டுள்ளது. ஒப்பந்தத்தில் எத்தனை தொழிலாளர் என்று எழுதப்பட்டுள்ளது, தெருவில் எத்தனைப் பேர் வேலை செய்கின்றனர், ஒருவருக்கு நாட்கூலி எவ்வளவு என்று குறிக்கப்பட்டுள்ளது, கையில் எவ்வளவு சேருகிறது, வருங்கால வைப்புநிதி கட்டப்படுகிறதா என்பனவெல்லாம் தாளில் உள்ள செய்திகள். தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்கான சட்டம் 1998-இலேயே இயற்றப்பட்டுள்ளது. ஆனால் அத்தாளைக் கேட்டுப் படிப்பவர் யார்? நம் தாய்மார் விடியற்காலையில் தெருவைக் கூட்டுகின்றனர். அவர்களுடைய பட்டம் பெற்ற பிள்ளைகள் அத்தாளைப் படிக்கத் தொடங்கினால், அதுவே அவர்கள் கல்விக்குச் செய்யும் நன்றி.

திறந்த ஏடு

1997-ஆம் ஆண்டு தமிழக உள்ளாட்சி வரலாற்றில் இரு செய்திகளால் நினைக்கப்பட வேண்டியது. அவ்வாண்டு தகவல் அறியும் உரிமைக்கான சட்டத்தை இந்தியாவிலேயே முதன்முதலாகத் தமிழ்நாடு இயற்றியது. அதே ஆண்டு சூன் 30-ஆம் நாள், மதுரை மாவட்டத்து மேலவளவு ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவருடன் சென்ற தோழர்களும் பேருந்தை மறித்துப் படுகொலை செய்யப்பட்டனர். தனித்தொகுதியில் நம்மவர் தலைவரானதைப் பொறாத சாதி வெறியே அக்கொலைக்குக் காரணம். கொடுத்த நாற்காலியில் பணிந்து அமர்ந்தவரை எவரும் கொல்வதில்லை. பெற்ற நாற்காலியில் அமர முயன்றவர்தாம் உயிர் கொடுத்தார். அந்த இரத்தத்தின் விலை நம் தலைமுறையின் மீதுள்ள கடன். தேர்தல் நாளில் கிடைக்கும் பணத்தாளுக்கு வாக்கை விற்பவர், முருகேசன் உயிரைக் கொடுத்துக் காத்ததை ஒரு வேளைச் சோற்றுக்கு விற்கிறார் என்பதை உணரவேண்டும்.

2005 அக்டோபர் 12 முதல் நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் முழு அளவில் நடைமுறையில் உள்ளது. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கு அதுவும் இல்லை. 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். தராவிடில் மேல்முறையீடு உண்டு. கேட்காமலேயே வெளியிட வேண்டியவற்றையும் அச்சட்டத்தின் நான்காவது பிரிவு பட்டியலிடுகிறது. அலுவலர்களின் மாதச் சம்பளம், மானியத் திட்டங்களுக்குச் செலவான தொகை, பயனடைந்தோர் விவரம், மன்றங்களின் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்ததா, நடவடிக்கைக் குறிப்பு பார்வைக்குக் கிடைக்குமா என்பன அவற்றுள் சில. உத்திரமேரூரில் ஒரு சிலருக்கு மட்டும் இருந்த உரிமை இன்று சேரியின் கடைசி வீட்டுப் பிள்ளைக்கும் உண்டு.

ஆயினும் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. உரிமையைப் பயன்படுத்தத் தெரிதல் வேண்டும். அதற்காக நம் சங்க இளைஞர்களுக்கு நான்கு பணிகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, தத்தம் வார்டு உறுப்பினர் யார், நகராட்சியின் நியமனக் குழு, ஒப்பந்தக் குழு, வரி மேல்முறையீட்டுக் குழு ஆகியவற்றில் இருப்போர் யாவர் என்பதை ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். வேலையும் ஒப்பந்தமும் வரியும் அங்கேதான் முதலில் பேசப்படுகின்றன.

இரண்டாவது, மாதந்தோறும் மன்றத் தீர்மானங்களின் படியைப் பெறுதல் வேண்டும். நம் தெருக்களைப் பற்றிய தீர்மானம் ஒவ்வொன்றுக்கும் எதிரே, நடந்ததா இல்லையா என்பதை நேரில் பார்த்துக் குறித்தல் வேண்டும். நாமறிந்த ஒரு நகராட்சியில், வெட்டப்படாத சாக்கடை ஒன்று தாளில் வெட்டி முடிக்கப்பட்டிருந்தது. மழைக்காலத்தில் அத்தெருவில் முழங்கால் அளவு நீர் நின்றபோதுதான் மக்கள் தாளைத் தேடினர்.

மூன்றாவது, கேள்வி கேட்கும்போது மரியாதையோடு கேட்டல் வேண்டும். அலுவலர் நம் பகைவர் அல்லர். நம் பிள்ளைகளும் நாளை அந்நாற்காலியில் அமர்வர். சினத்தால் கேட்ட கேள்விக்குச் சினமே பதிலாக வரும். எழுத்தில், நாளிட்டு, ஒப்புகையுடன் கேட்ட கேள்விக்குத் தாள் பதிலாக வரும். நாளைய வழக்குக்கும் வாதத்துக்கும் துணைநிற்பது அத்தாளே.

நான்காவதே கடினமானது. நம்மவர் ஒருவர் உறுப்பினராகவோ தலைவராகவோ இருக்கும்போதும் அதே கேள்வியைக் கேட்டல் வேண்டும். நம் ஆள் என்று கண்ணை மூடிக்கொண்டால், கணக்குக் காட்டாதவனின் உறவினரையும் விலக்கிய அக்கல்வெட்டுக்காரரைவிட நாம் தாழ்ந்தவர்களாவோம். மனைவி பெயரில் பதவி, கணவன் கையில் முத்திரை என்னும் நிலையையும் நாம் பொறுக்கலாகாது. நம் சகோதரிகளைக் கூட்டத்தில் பேசவிட வேண்டும். பேச அவர்களுக்கு வேண்டிய தாள்களைப் படித்துத் தருவதே இளைஞர்கள் செய்யக்கூடிய உதவி.

இப்பணிக்கு நம் சங்கத்தின் படிப்பகமே ஏற்ற இடம். அங்கு நாளேடுகளோடு ஒரு பேரேடும் வைக்கப்பட வேண்டும் என்பது எம் விண்ணப்பம். நகர்மன்றக் கூட்டம் நடந்த நாள், நம் பகுதி பற்றிய தீர்மானம், ஒதுக்கிய தொகை, பணி முடிந்த நாள், பார்த்தவர் கையொப்பம் என ஐந்து பத்திகள் போதும். பத்தாம் வகுப்பு மாணவரும் அதனை எழுதலாம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் அருகிலிருந்து, ‘குழாய் வந்தது, தண்ணீர் வரவில்லை’ என்று சொல்லித் திருத்தலாம். வெள்ளிவிழா ஆண்டின் முடிவுக்குள் அப்பேரேட்டின் முதற்பக்கம் எழுதப்பட வேண்டுமெனச் சங்க உறுப்பினர்களையும் இளைஞர்களையும் அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.